"சரி" என்ற சொல்

தமிழ்ப் பாஷையில் மிகவும் அபாயமான சொல் எது என்று யாராவது என்னைக் கேட்டால், நான் சற்றும் தயங்காமல் "சரி" என்று பதில் சொல்வேன். கேட்டவர், நான் அவருடைய கேள்வியை ஏற்றுக்கொண்டு யோசிக்கத் தொடங்கிவிட்டேன் என்று எண்ணி, பதிலுக்காகக் காத்திருப்பார். நானோ, பதிலைச் சொல்லி முடித்துவிட்டதாக எண்ணிப் பேசாமல் இருப்பேன். இப்படியே நாங்கள் இருவரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் எத்தனை அர்த்தங்கள்! "நீர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்" என்பது ஓர் அர்த்தம். "அப்படியே செய்கிறேன்" என்பது இன்னோர் அர்த்தம். "நீர் ஏதோ சொன்னீர் என்பது காதில் விழுந்தது" என்பது மூன்றாவது. "போதும், பேச்சை நிறுத்தும்" என்பது நாலாவது. என் மனையாள் சமையலறையிலிருந்து, "வரும்போது தேங்காய் வாங்கி வாருங்கள்" என்று சொல்ல, நான் தினசரியிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி" என்று சொல்லிவிட்டு, மாலையில் மாங்காயோடு வீடு திரும்பியது உண்டு. அன்று எங்கள் வீட்டில் சட்னி இல்லாமல் போயிற்று, ஊறுகாய் கிடைத்தது. மொத்தத்தில் பெரிய நஷ்டம் என்று சொல்வதற்கில்லை.

தரையில் வாழ்கிறவர்களுக்கு இவ்வளவோடு போய்விடுகிறது. ஆகாயத்தில் பறக்கிறவர்களுக்கு அப்படியல்ல என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு பிரயாணம்.

கார்த்திகை மாதத்து மழை நாள் ஒன்றில், டில்லியிலிருந்து சென்னைக்கு ஆகாய விமானத்தில் வந்துகொண்டிருந்தேன். சந்தோஷமான காரியத்துக்காக வரவில்லை. அது என்ன காரியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். விமானம் தாழ்ந்து தாழ்ந்து வந்து, வீட்டு விளக்குகளும் வீதி விளக்குகளும் நன்றாகத் தெரிய ஆரம்பித்தன. பிரயாணிகள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். இன்னும் ஒரு நிமிஷத்தில் சக்கரம் தரையைத் தொடும் என்று எல்லாரும் எதிர்பார்த்த சமயத்தில், திடீரென்று இயந்திரங்கள் பெரும் கர்ஜனை செய்தன. விமானம் மூக்கை உயர்த்திக்கொண்டு மறுபடியும் மேகத்துக்குள் பாய்ந்தது. எனக்குப் பக்கத்திலிருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கந்தனை அழைத்தார். பின்னால் இருந்த ஒரு குழந்தை மாத்திரம், "இன்னொரு தடவை!" என்று கை கொட்டிச் சிரித்தது.

கால் மணி நேரம் கழித்து விமானம் சௌக்கியமாக இறங்கியது. எங்களுக்கு முன் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகுவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று விமானி அறிவித்தார்.

என் மூத்த சகோதரியின் பிள்ளை ஆகாயப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அதிகாரியாக உத்தியோகம் பார்க்கிறான். விமான நிலையத்துக் கோபுரத்தில் உட்கார்ந்து, "நீ இறங்கலாம், நீ காத்திரு, நீ இவ்வளவு உயரத்துக்கு வா" என்று விமானங்களுக்கு உத்தரவு கொடுப்பது அவன் வேலை. அதே வாரத்தில் ஒரு நாள் இரவு, கும்பகோணத்துக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்து வீட்டுத் திண்ணையில் அவனும் நானும் உட்கார்ந்திருந்தபோது, என் அநுபவத்தை அவனிடம் சொன்னேன்.

"அது ரொம்ப சாதாரணம், மாமா. சந்தேகம் வந்தால் மறுபடி மேலே போய்விட வேண்டும். அப்படிப் போகிற விமானத்தைப் பற்றிக் கவலையே இல்லை. சந்தேகத்தோடு இறங்குகிற விமானத்தைப் பற்றித்தான் கவலை" என்றான்.

பிறகு அவன் தன்னுடைய தொழிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். விமானிக்கும் கோபுரத்துக்கும் நடுவே இருப்பது ஒரு ரேடியோ. அது நம்முடைய டெலிபோனைப் போன்றது அல்ல. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கத்தான் முடியும். இருவர் ஒரே சமயத்தில் பேசிவிட்டால் இருவர் பேச்சும் கெட்டுப்போய் ஒரு கீச்சொலிதான் மிஞ்சும். ஒரே அலைவரிசையில் பல விமானங்கள் காத்துக்கொண்டிருக்கும். ஆகையால் பேச்சு சுருக்கமாக இருக்க வேண்டும். ஆனால் சுருக்கத்தால் அர்த்தம் கெடக்கூடாது. இதற்காக ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அர்த்தந்தான் என்று வரையறுத்து வைத்திருக்கிறார்கள். "ராஜர்" என்றால் "நீர் சொன்னதை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று மாத்திரமே பொருள். சம்மதம் என்று பொருள் அல்ல. "அப்படியே செய்வேன்" என்பதற்கு "வில்கோ" என்று வேறு சொல் இருக்கிறது. ஒன்பதை "நைன்" என்று சொன்னால் "ஃபைவ்" என்று காதில் விழக்கூடுமாகையால் "நைனர்" என்று சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியமான உத்தரவு எதையும் விமானி அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். அவர் திருப்பிச் சொல்வதை அதிகாரி காது கொடுத்துக் கேட்கவேண்டும்.

"நம்முடைய 'சரி'க்கு அங்கே இடமே இல்லை, மாமா" என்றான் என் மருமான்.

"இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது தவறு எப்படி நேரும்?" என்று நான் கேட்டேன்.

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சில சம்பவங்களைச் சொன்னான். அவை எல்லாம் அவனுடைய தொழிலில் இருப்பவர்கள் பாடமாகப் படிக்கிறவை.

1989-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 19-ந் தேதி, சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ஒரு பெரிய சரக்கு விமானம் கோலாலம்பூரை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்நாளில் கோலாலம்பூரின் விமான நிலையம் சுபாங்கில் இருந்தது. 2,400 அடி உயரத்துக்கு இறங்கும்படி அதிகாரி உத்தரவு கொடுத்தார். "இரண்டு, நாலு, சூனியம், சூனியம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டு என்பதும் "டூ". "இன்ன உயரத்துக்கு" என்பதில் வருகிற "க்கு" என்ற உருபும் "டூ". விமானி முதல் எண்ணை உருபாகக் கொண்டுவிட்டார். "நாலு, சூனியம், சூனியம்" என்று, அதாவது 400 அடி என்று, திருப்பியும் சொன்னார். முறைப்படி திருப்பிச் சொன்னார், தவறாகச் சொன்னார். ஆனால் அந்தத் தவறு கேட்டவர் மனத்தில் தைக்கவில்லை. கடல் மட்டத்துக்கு 437 அடி உயரத்தில் ஒரு குன்றின்மேல் விமானம் மோதிற்று. அதில் இருந்த நால்வரும் மாண்டார்கள்.

"தான் என்ன சொன்னோம் என்பது நமக்குத் தெரியும் அல்லவா? ஆகவே, அவன் திருப்பிச் சொல்லும்போதும் நம் காதில் நாம் சொன்னதுதான் விழும். அவன் சொல்வதைக் கேட்பதற்குத் தனியாகப் பழக வேண்டும்" என்றான் மருமான்.

அதற்கு ஒன்பது வருஷங்களுக்கு முன்னால், 1980-ம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி, இங்கிலாந்தில் மாஞ்செஸ்டரிலிருந்து உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் ஸ்பெயின் தேசத்துக்குச் சொந்தமான டெனரீஃப் தீவுக்கு வந்தது. தீவின்மேல் மேகம் கவிந்திருந்தது. முன்னால் வேறொரு விமானம் மெதுவாகச் சென்றுகொண்டிருந்தபடியால், பின்னால் வந்த விமானத்தைச் சிறிது நேரம் வட்டமிடச் சொல்ல அதிகாரி எண்ணினார். நாம் கோயிலில் வலம் வருவதுபோல், காத்திருக்கும் விமானங்களும் சாதாரணமாக வலப்புறம் திரும்பித் திரும்பித்தான் வட்டமிடும். ஆனால் அன்றைக்கு இடப்புறமாக வட்டமிட வேண்டும் என்பது அதிகாரியின் கருத்து. "திருப்பங்கள் இடப்புறம்" என்று சொல்ல நினைத்தவர், "இடப்புறம் திரும்பு" என்று அர்த்தமாகும்படி சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் "ஸ்" என்ற ஓர் எழுத்துத்தான். விமானம் இடப்புறம் திரும்பிற்று. மேகத்துக்குள் மறைந்திருந்த மலை அந்தப் பக்கத்தில் இருந்தது. 146 பேரும் மாண்டு போனார்கள்.

இதில் என் மனத்தை மிகவும் உறுத்திய விஷயம் வேறு. அப்படி வட்டமிடச் சொல்வது விசித்திரமாக இருக்கிறதே என்று விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். விமானத்திலிருந்த ஒலிப்பதிவுக் கருவியில் அந்தப் பேச்சு பதிவாகியிருக்கிறது. பக்கத்தில் இருந்தவரிடம் சொன்ன சந்தேகத்தை, பதில் சொல்லக் கூடியவரிடம் அவர்கள் கேட்கவில்லை. இந்த வழக்கம் விமானிகளுக்கு மாத்திரம் உரியது என்று யாரால் சொல்ல முடியும்?

"திருப்பிச் சொன்னது பிசகில்லாமல் இருந்தால் ஆபத்து நீங்கிவிடுமா?" என்று கேட்டேன். அதுவும் நிச்சயமில்லை என்றான். 2024-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி, டோக்கியோ நகரின் ஹனேடா விமான நிலையத்தில், ஜப்பானியக் கடலோரக் காவற்படையின் சிறிய விமானம் ஒன்று புறப்படத் தயாராக இருந்தது. முதல் நாள் நேர்ந்த பூகம்பத்தில் கஷ்டப்பட்டவர்களுக்கு அது நிவாரணச் சாமான்களை எடுத்துச் செல்ல இருந்தது. ஓடுபாதைக்கு வெளியே உள்ள காத்திருக்கும் இடத்துக்கு வரும்படி அதற்கு உத்தரவு. கூடவே, "நீர் முதலாவது" என்றும் அதிகாரி சொன்னார். புறப்படும் வரிசையில் முதலாவது என்பது அதன் பொருள். விமானத்திலிருந்து உத்தரவைச் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். ஆனால் "முதலாவது" என்ற சொல், ஓடுபாதை தமக்கே விடப்பட்டது என்ற எண்ணத்தைத் தலைமை விமானியின் மனத்தில் உண்டாக்கிவிட்டது. அவர் ஓடுபாதைக்குள் சென்று நின்றார். இறங்கி வந்த பெரிய பிரயாணி விமானம் அதன்மேல் மோதித் தீப்பற்றியது. பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் தப்பியது நம் காலத்தின் அதிசயங்களில் ஒன்று. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். பூகம்பத்தில் அடிபட்டவர்களுக்கு உதவி செய்யக் கிளம்பியவர்கள் அவர்கள்.

சொற்கள் இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவே இருக்கலாம். அர்த்தம் இரண்டாகப் பிரிந்துவிடலாம் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கடைசியாக அவன் சொன்ன கதையை நான் இன்று வரையில் மறக்கவில்லை.

1990-ம் வருஷம் ஜனவரி 25-ந் தேதி. தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்திலிருந்து நியூயார்க்குக்கு ஒரு விமானம் வந்தது. அதில் 158 பேர் இருந்தார்கள். நியூயார்க்கில் அன்று காற்றும் மழையும் மூடுபனியும் மிகுந்திருந்தன. இறங்க வந்த விமானங்களை எல்லாம் வழியில் காக்க வைத்தார்கள். இந்த விமானம் மூன்று இடங்களில் மொத்தம் 77 நிமிஷம் வட்டமிட்டது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது இடத்தில் இன்னும் காத்திருக்கும்படி சொன்னபோது, தங்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று நினைப்பதாகத் துணை விமானி தெரிவித்தார். இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்று கேட்டார்கள். ஐந்து நிமிஷந்தான் என்றார். வேறு எந்த ஊருக்குப் போவீர் என்று கேட்டார்கள். பாஸ்டனுக்குப் போவதாக இருந்தது, இப்போது முடியாது, எரிபொருள் தீர்ந்துபோகும் என்றார். இந்தப் பதில் முழுவதும் அடுத்த அதிகாரியின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. ஐந்து நிமிஷந்தான் காத்திருக்க முடியும் என்ற செய்தி மாத்திரம் போயிற்று.

விமானம் இறங்க முயன்றது. காற்றின் கொடுமையால் ஓடுபாதையைக் காண முடியாமல், நான் வந்த விமானம் செய்ததுபோலவே மறுபடியும் மேலே கிளம்பிற்று. என் விமானத்துக்கு எரிபொருள் இருந்தது. அதற்கு இல்லை. தலைமை விமானி தம் உதவியாளரிடம், "நமக்கு ஆபத்து என்று அவர்களிடம் சொல்" என்று ஸ்பானிஷ் பாஷையில் கட்டளையிட்டார். உதவியாளர் ரேடியோவில், அதிகாரி சொன்ன திசையை முதலில் மரியாதையாகத் திருப்பிச் சொன்னார். மறுபடி முயன்று பார்ப்பதாகச் சொன்னார். அந்த வாக்கியத்தின் வாலில், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். "சொல்லிவிட்டாயா?" என்று தலைவர் கேட்டபோது, "முன்னமே சொல்லிவிட்டேன், ஐயா" என்றார். "ஆபத்து" என்ற சொல்லையோ, "மேடே" என்ற அபயக் குரலையோ அவர் கடைசி வரையில் உச்சரிக்கவில்லை.

கோபுரத்தார் கேட்காமலும் இல்லை. விமானத்தை ஒரு சுற்று சுற்றி அழைத்து வரப் போவதாகச் சொல்லி, அது உமக்கும் உம்முடைய எரிபொருளுக்கும் சரிதானா என்று கேட்டார்கள். சரி என்றுதான் நினைப்பதாகவும், மிகவும் வந்தனம் என்றும் பதில் வந்தது.

சில நிமிஷங்களில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. இரவு 9 மணி 34 நிமிஷத்துக்கு, லாங் தீவில் கோவ் நெக் என்ற கிராமத்து மேட்டில் விமானம் விழுந்தது. அது தீப்பற்றிக்கொள்ளவில்லை, பற்றி எரிவதற்கு அதில் எண்ணெய் இல்லை. 73 பேர் இறந்தார்கள். அந்த இரண்டு விமானிகளும் அவர்களில் சேர்ந்தவர்கள்.

பின்னால் நடந்த விசாரணையில், அந்தக் கம்பெனி விமானிகளுக்கு "முன்னுரிமை" என்ற சொல்லும் "ஆபத்து" என்ற சொல்லும் ஒரே பொருளைத்தான் தந்தன என்று சாட்சியம் வந்தது. கேட்டவர்களுக்கோ, "ஆபத்து" என்று சொன்னால்தான் மற்ற விமானங்களை விலக்கி வழிவிட வேண்டும் என்பது விதி. எரிபொருள் நிலைமையைத் தெரிவிப்பதற்கு எல்லாருக்கும் பொதுவான சொற்கள் இல்லாமற் போனதும் ஒரு காரணம் என்று விசாரணை செய்தவர்கள் எழுதினார்கள். 2012-ம் வருஷத்தில் சர்வதேச விதிகளில் அதற்கென்று திட்டமான சொற்களைச் சேர்த்தார்கள். இப்போது எரிபொருள் அபாய அளவுக்குக் குறைந்தால், "மேடே" என்று மூன்று முறை சொல்லி, "ஃப்யூயல்" என்ற சொல்லையும் விமானி சேர்த்துச் சொல்ல வேண்டும். அதில் பணிவுக்கும் இடமில்லை, தயக்கத்துக்கும் இடமில்லை.

மருமான் சொல்லி முடித்தான். நான் ஒன்றும் பேசவில்லை. நான் டில்லியிலிருந்து வந்த காரியத்தை இனிமேல் சொல்ல வேண்டும்.

என் தாயார் கிராமத்தில் அக்காளுடன் இருந்தாள். ஒரு திங்கட்கிழமை மாலை அக்காள் டெலிபோனில் கூப்பிட்டாள். "தம்பி, அம்மாவுக்குக் கொஞ்சம் அசதியாக இருக்கிறது. உனக்கு வேலை நிறைய இருக்கும். ஒழிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போனால் நன்றாயிருக்கும்" என்றாள்.

"சரி, அக்கா" என்றேன்.

அசதி என்றால் அசதி என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒழிந்தால் என்றால் ஒழிந்தபோது என்று எடுத்துக்கொண்டேன். ஆபீஸில் ஒரு காரியம் முடிய வேண்டியிருந்தது. அதை முடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கிளம்பலாம் என்று மனத்திற்குள் ஏற்பாடு செய்துகொண்டேன். அந்த ஏற்பாட்டை யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை இரவு அம்மா காலமானாள். வியாழக்கிழமை, மழையில், நான் மேற்சொன்ன விமானத்தில் வந்தேன்.

அக்காள் என்னைக் கோபித்துக்கொள்ளவே இல்லை. ஆனால் ஒன்று சொன்னாள்: "நீ 'சரி' என்றாயே, தம்பி. உடனே புறப்பட்டு வருகிறாய் என்று நினைத்து, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு ராத்திரியும் வாசல் விளக்கை அணைக்க வேண்டாம் என்றாள்."

திண்ணையில் உட்கார்ந்திருந்த மருமானைப் பார்த்துக் கேட்டேன்: "உனக்கு அம்மா என்ன சொன்னாள்? நீ மாத்திரம் செவ்வாய்க்கிழமை காலையிலேயே எப்படி வந்து சேர்ந்தாய்?"

"உங்களுக்குச் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள், மாமா. 'பாட்டிக்கு அசதி, ஒழிந்தால் வா' என்றாள். நான்தான் விடவில்லை. 'அம்மா, பாட்டி இன்று என்ன சாப்பிட்டாள்? டாக்டர் வந்தாரா? அவர் சொன்னதை அப்படியே சொல்' என்று கேட்டேன். கடைசியில், 'நான் இன்றிரவே கிளம்ப வேண்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்' என்றேன். அம்மா அழுதுவிட்டாள். 'வேண்டும்' என்றாள்."

அவன் வேண்டுமென்று என்னைக் குத்திக் காட்டவில்லை. தொழிலில் பழகிய பழக்கத்தைச் சொன்னான்; அவ்வளவுதான். என் தாயாரின் வாயில் கடைசிப் பால் விட்டது அவன் கைதான்.

அக்காளுடைய பேரில் குற்றம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. தம்பிக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற பிரியத்தினால் அவள் "ஆபத்து" என்று சொல்லவில்லை. நம்முடைய குடும்பங்களில் பெண்கள் பேசுவது அப்படித்தான். தங்களுக்கு வேண்டியதைச் சொல்லும்போது அவர்கள் வாக்கியத்தின் வாலில் வைத்துத்தான் சொல்வார்கள். நியூயார்க்குக்குமேல் பறந்த அந்த உதவி விமானியின் குரலை நான் கேட்டதில்லை. ஆனால் என் அக்காளின் குரலைப் போலத்தான் அது இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லுகிறவர்கள் துணிந்து சொல்லக் கற்றுக்கொள்ளும் வரையில், கேட்கிறவர்கள்தான் துளைத்துக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் வெறும் "சரி"க்கு இடமில்லை. "தேங்காய் வாங்கி வாருங்கள்" என்றால், "தேங்காய் வாங்கி வருகிறேன்" என்று நான் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் குழந்தைகள் சிரித்தார்கள். இப்போது அவர்களும் அப்படியே சொல்கிறார்கள்.

அக்காள் வாரத்துக்கு ஒரு முறை கூப்பிடுகிறாள். போன மாதம், "முழங்கால்தான் கொஞ்சம் வலிக்கிறது, வேறு ஒன்றும் விசேஷமில்லை" என்றாள். நான் விடவில்லை. "அக்கா, நான் கிளம்பி வர வேண்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்" என்றேன்.

டெலிபோனில் சிறிது நேரம் சத்தமே இல்லை.

"வா, தம்பி" என்றாள்.

"இன்றிரவே புறப்பட்டு வருகிறேன்" என்றேன். அப்படியே போனேன்.